போர்டம்மா

தெருக்காரர்கள் அவளுக்குப் போர்டம்மா என்று பெயர் வைத்தது யுத்த காலத்தில். முதலில் அப்படிக் கூப்பிட்டது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு வந்து யார் எதற்கு விலை கேட்டாலும் அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். தராசிலிருந்து கையை எடுக்காமல், முகவாயை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி, “போர்டைப் பாருங்க” என்பாள். பார்வை மங்கிய கிழவர் ஒருவர் வந்து கேட்டபோதுகூட, பக்கத்தில் நின்றவளைப் படித்துச் சொல்லச் சொன்னாளே தவிர, தான் சொல்லவில்லை.

சிலர் இதைக் கர்வம் என்றார்கள். கர்வமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்தான்.

கடை அவள் மாமனார் வைத்தது. அவருக்குப் பின் மூத்தவர் மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் மண்டி போட்டார். இளையவனுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, இந்தச் சில்லறைக் கடை. கட்டடத்தில் இரண்டு பேருக்கும் சரிபாதி. புருஷன் பேச்சில் மன்னன். வெறும் கையோடு வேடிக்கை பார்க்க வந்தவரைக்கூட இரண்டு பொட்டலத்தோடு அனுப்பி வைப்பான். அவள் பின்கட்டில் அடுப்போடும் சின்ன மகளோடும் இருந்தாள். கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. பிறகு யுத்தம் வந்தது. அவனுக்குப் பட்டாளத்தில் சேர உத்தரவு வந்தது. ஒரு குளிர்காலத்துக் காலையில் சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினான். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்ல மட்டும்தான் நேரம் இருந்தது.

அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றியது அந்தப் போர்டுதான். சர்க்கார் போர்டு. பாதிக் கதவு அகலம், கறுப்பு வர்ணம், நாலு மூலையிலும் ஆணி. திங்கள்கிழமை காலையில் விலைக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். ஒல்லியான மனிதர், எப்போதும் சளி பிடித்த மூக்கு. டப்பாவிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பழைய விலையைத் துடைத்து, அச்சடித்த மாதிரி எழுத்தில் புது விலையை எழுதுவார். தீப்பெட்டி, சோப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய், மாவு. அவரைத் தவிர வேறு யாரும் அதில் சாக்பீஸை வைக்கக் கூடாது. வைத்தால் அபராதம், கடைக்குப் பூட்டு. அவரும் கடையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சட்டம். குளிரில் விரல் விறைத்துப்போய் எழுதுவார். அவள் தேநீர் வேண்டுமா என்று கேட்பாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார். இது வாராவாரம் நடக்கும்.

வரிசை அந்தக் காலத்தில் தெரு முனை திரும்பி நிற்கும். பெண்கள், கிழவர்கள், தூக்கத்திலேயே தூக்கிவரப்பட்ட குழந்தைகள். அவரவர் வீட்டு எரிச்சலையெல்லாம் கொண்டுவந்து அவள் மேல் கொட்டுவார்கள். அளவு குறைவாக இருக்கிறது, சர்க்கரையில் மணல் இருக்கிறது, மாவில் வண்டு இருக்கிறது. அளவைப் பற்றிச் சொன்னால் தராசைத் திருப்பிக் காட்டுவாள். வண்டைப் பற்றிச் சொன்னால் சல்லடையை நீட்டுவாள். விலையைப் பற்றிச் சொன்னால், போர்டு. அதற்கு மேல் யாரும் அவளை ஒன்றும் சொல்ல முடியாது. விலைக்குத் திட்டு வாங்க வேண்டியது சர்க்கார், அவள் இல்லை. அத்தனை திட்டும் அவள் தோளைத் தாண்டிப் போய்ச் சுவரில் விழுந்தது.

அந்த வரிசையைக் கட்டி மேய்த்தவள் இஸ்திரிக்காரி. எதிர்ச்சாரியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்ப்பவள். இவளைவிட வயதில் சின்னவள். அவள் புருஷனும் அதே ரயிலில் போனவன்தான், அவன் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளும் படுத்த படுக்கையான மாமனாரும் அவள் தலையில். சாயங்காலம் வேலை முடிந்ததும் கடைக்குள் வந்து, சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சுடுபட்ட விரல்களை ஊதிக்கொள்வாள். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. இரண்டு பேருக்கும் பேசத் தெம்பும் இருக்காது.

மாவு வண்டி வராத நாள் ஒன்று வந்தது. ஊரே காலையிலிருந்து நின்று, மத்தியானத்துக்கு மேல் பொறுமை போய், மூட்டைகளைப் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று யாரோ கிளப்பிவிட, கதவைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே இவளுக்குக் கைகால் ஓடவில்லை. இஸ்திரிக்காரி கனலும் கரியும் நிறைந்த பெட்டியைக் கையோடு தூக்கிவந்து வாசற்படியில் வைத்து, அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள். போர்டம்மா பொய் சொல்ல மாட்டாள், இல்லை என்றால் இல்லைதான், என்று சத்தம் போடாமல்தான் சொன்னாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அதைப் பற்றி அவர்கள் பிறகு ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் இவள் மறக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. முடிந்து வெகு நாள் கழித்துப் புருஷன் வந்தான். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. அதுவே பெரிய காரியம் என்று ஊர் சொன்னது. இவளுக்கும் அப்பாடா என்று இருந்தது. இனி கல்லாவில் அவன் உட்காரட்டும், நாம் பழையபடி அடுப்போடு இருக்கலாம் என்று சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தான். ஒருவர் வந்து போர்டு விலை அதிகம் என்று சலித்துக்கொண்டார். சரி, இருக்கிறதைக் கொடுங்கள் என்று அவன் பொட்டலத்தை நீட்டிவிட்டான். அடுத்தவருக்கும் அப்படியே. சாயங்காலம் சாவிக்கொத்து மறுபடி இவள் இடுப்புக்கு வந்தது. அவன் பின்கட்டில் சலிக்க, கட்ட, மூட்டை நகர்த்த என்று இருந்துகொண்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆள் வந்து பேசினால் மட்டும் அலமாரிக்குப் பின்னால் போய்விடுவான்.

அதன் பிறகுதான் விலைக்கட்டுப்பாட்டை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒரேயடியாக இல்லை, படிப்படியாக என்று பத்திரிகையில் போட்டார்கள். சர்க்கார் படிப்படியாகத்தான் இறங்குகிறது, நாம்தான் மாடியிலிருந்து விழப்போகிறோம் என்று இஸ்திரிக்காரி பெட்டிமேல் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். என்ன வரப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

முதலில் தீப்பெட்டி போயிற்று. அது பெரிய விஷயமாக இல்லை. அடுத்த திங்கள்கிழமை போர்டுக்காரர் ஈரத்துணியால் சோப்பைத் துடைத்தார். துடைத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் துணியை மடித்து டப்பாவில் வைத்தார்.

புது விலை என்ன என்று கேட்டாள். அது இனிமேல் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

இஷ்டம். அவள் இஷ்டத்தை யாரும் அதுவரை கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று முதலில் வந்தவள் சோப்பு என்ன விலை என்றாள். இவள் முகவாய் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. போர்டில் சோப்பு விலை இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. கொஞ்சம் இருங்க என்று உள்ளே போனாள். மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகும் சாக்பீஸ் துண்டைத் தேடி எடுத்துவந்து, அபராதம் நினைவுக்கே வராமல் முக்காலியில் ஏறி, துடைத்த இடத்திலேயே பழைய விலையை எழுதினாள். எழுதி முடித்து இறங்கியதும்தான் மூச்சு வந்தது. வந்தவளிடம், “போர்டைப் பாருங்க” என்றாள்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் போர்டில் இருந்ததால் அது சர்க்கார் விலை ஆகிவிட்டது. செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த தெருக் கடைக்காரரின் மனைவி வந்தாள், மைத்துனி வந்தாள், சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இந்தத் தெருவில் என்றைக்கும் காணாத முகங்கள் வந்தன. எல்லோருக்கும் அன்றைக்கென்று ஊர் அழுக்கெல்லாம் துவைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அலமாரியில் சோப்பு வாசனை மட்டும் மிஞ்சியது. கல்லாப்பெட்டி மூட முடியாமல் நிரம்பியிருந்தது. அவளுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பணத்தை முடிந்துகொண்டு மண்டிக்குப் போனாள். மண்டியில் அந்தப் பணத்துக்கு, விற்றதில் பாதி சோப்புகூட வரவில்லை.

மண்டிக்காரர் அன்று மாலை கடைக்கு வந்தார். புருஷனின் அண்ணன். கனத்த உடம்பு, முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பார்.

“எவ்வளவுக்கு வித்தே?”

“போர்டு விலைக்குத்தான், மாமா.”

“போர்டுலதான் சோப்பு இல்லையே.”

“நான்தான் எழுதினேன்.”

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் நின்றுபோய் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்தார்.

“இங்க பாரும்மா. வித்த காசுல அதே சரக்கைத் திரும்ப வாங்க முடியலைன்னா அதுக்குப் பேரு வியாபாரம் இல்ல. கடையைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கிக் குடுக்கறது.”

“பழைய சரக்குதானே, மாமா? பழைய விலைக்கு வாங்கினதுதானே?”

“அலமாரிக்குப் பழசு புதுசெல்லாம் தெரியாது. காலின்னா காலிதான்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொல்வது புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. இனி எது கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டாலும் தானே விலை சொல்லி அனுப்புவதாகவும், அதற்கு ஒரு காசு குறைக்கக் கூடாது என்றும் அவர் சொன்னார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சர்க்கரை விடுபட்டபோது, “மண்டியில சொன்ன விலைங்க” என்று சொல்லிக்கொண்டாள். மண்ணெண்ணெய்க்கும் அதே. திட்டு இப்போது சுவருக்குப் பதில் ஆற்றோரத்துக்குப் போனது. அவளுக்கு அது போதும்.

ஆனால் மண்டிக்காரர் சொன்ன சர்க்கரை விலை அடுத்த தெரு விலையைவிட அதிகம். மழையும் பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகவில்லையே தவிர, சுவரெல்லாம் வியர்த்தது. சர்க்கரை மூட்டை அடியில் கசிந்து, தரையில் பாகாக ஓடியது. வாசலிலிருந்து மூட்டை வரைக்கும் எறும்பு வரிசை. யுத்தத்தில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையை அவள் பார்த்ததில்லை. அந்த விலை எறும்புக்கு மட்டும்தான் கட்டுப்படியாயிற்று. புருஷன் கட்டியான சர்க்கரையை மரக்கட்டையால் உடைத்து உடைத்து, அடுப்புப் பக்கம் காயப்போட்டான். உடைத்தது மறுநாள் மறுபடி கட்டியாகும்.

மண்டிக்காரர் வந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. விலை ஏறும் என்று நம்பித் தானே அதிகத்துக்கு வாங்கிவிட்டதாகவும், யார் தலையிலாவது கட்டித்தான் ஆக வேண்டியிருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது கண்ணுக்குக் கீழே தெரிந்தது. பிறகு, வெகு நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னார்.

“நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. கடையை நான் எடுத்துக்கறேன். தம்பி மண்டியில மூட்டை எண்ணட்டும். நீயும் குழந்தையும் அங்க வந்துடுங்க. அக்காவுக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

அக்கா என்றது அவர் மனைவியை. அந்த ஒத்தாசை எப்படிப்பட்டது என்று இவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அந்தச் சமையலறையில் இருந்தவள் இவள். ரொட்டியில் இரண்டாவது துண்டை எடுக்கும்போது ஓரகத்தியின் கண் தட்டிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் கூடவே வரும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் தன் மகள் உட்கார்ந்து சாப்பிடுவதை இவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடை என்றால் இவளுக்கு அதுதான். வியாபாரமும் இல்லை, பெருமையும் இல்லை. கேட்காமல் எடுத்துச் சாப்பிடக்கூடிய ஒரு துண்டு ரொட்டி.

“மாவு விடுபடற வரைக்கும் பாருங்க, மாமா,” என்றாள்.

“மாவுக்கு யார் விலை சொல்றது?”

“நான் சொல்றேன்.”

அவர் நம்பவில்லை. இருந்தாலும் சரி என்றார். மாவிலும் இப்படி ஆயிற்று என்றால் பிறகு பேச்சே வேண்டாம், சாவியைக் கொடுத்தனுப்பிவிடு என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எண்ணெய் விடுபட்டது. தாறுமாறாக ஏற்றி இறக்கி எப்படியோ ஒப்பேற்றினாள். கடைசியாக மாவு. வரும் திங்கள் முதல் மாவுக்கும் கட்டுப்பாடு கிடையாது என்று அறிவித்தார்கள். ஊரில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. யுத்தம் முழுக்க மற்றதெல்லாம் இல்லாமல் இருந்து பழகிவிட்டார்கள். மாவு இல்லாமல் இருந்து பழகவில்லை.

சனிக்கிழமை மழை விடவில்லை. கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பின்கட்டில் துணியை விரித்து மாவு சலித்தார்கள். மகள் மூலையில் வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். சல்லடையில் தங்கிய வண்டுகளை அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சிரட்டையில் போட்டான். மாவுத்தூசி அவன் புருவத்திலும் மீசையிலும் படிந்து, ஒரே நாளில் கிழவனான மாதிரி இருந்தான்.

“முன்னாடியெல்லாம் எப்படிங்க விலை சொல்வீங்க?” என்று கேட்டாள்.

அவன் சல்லடையை நிறுத்தவில்லை. “முகத்தைப் பார்ப்பேன்.”

“முகத்துல என்ன இருக்கும்?”

“எல்லாம் இருக்கும். அவசரமா வந்திருக்காங்களா, அடுத்த கடைக்கு நடக்கத் தெம்பு இருக்கா, வீட்டுல குழந்தை அழுகுதா. யாருக்கு வேற போக்கிடம் இல்லையோ, அவங்களுக்குக் கூட்டிச் சொல்வேன்.”

“வசதியானவங்களுக்கு?”

“அவங்களுக்குக் குறைச்சுத்தான் சொல்லணும். இல்லைன்னா வேற கடைக்கு ஆள் அனுப்பிடுவாங்க.”

அவள் கை நின்றுவிட்டது. அவன் அதைக் கவனித்தான்.

“அப்ப எல்லாரும் கெட்டிக்காரன்னாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு,” என்றான். சல்லடையில் அடுத்த படி மாவைப் போட்டான். “அங்க கைதி முகாம்ல கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் ரொட்டி விப்பான். காசு கிடையாது. இருக்கறதைக் குடுத்துட்டு வாங்கணும். நான் போய் நின்னதும் என் முகத்தைப் பார்த்தான். நிதானமாப் பார்த்தான். பார்த்துட்டு, கால்ல இருந்த பூட்ஸைக் கேட்டான். எனக்குப் பின்னாடி நின்னவன்கிட்ட ஒரு பெல்ட்டுதான் கேட்டான். நானே கல்லாவுல உட்கார்ந்து என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.”

“இதை நீங்க சொன்னதே இல்லையே.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு. அதுக்கப்பறம் ஒருத்தர் முகத்தைப் பார்த்து விலை சொல்ல என்னால முடியல.”

அவள் எழுந்து போய் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் விலை சொன்னால் என்ன என்று கேட்டாள். எல்லோருக்கும் ஒரே விலை, போர்டு மாதிரி. சொல்லலாம், உன்னால் முடியுமா பார் என்றான் அவன்.

அவர்கள் இரண்டு பேரும் அன்று உட்கார்ந்து மாவுக்கு விலை கட்டினார்கள். மண்டி விலை, வண்டிக் கூலி, வண்டு தின்றது, மூட்டைத் தையலில் ஒட்டிக்கொண்டு வராமல் போவது, பொட்டலக் காகிதம், விளக்கு, வீட்டு அடுப்பு. அவள் இஸ்திரிக்காரியை நினைத்துக்கொண்டு வண்டிக் கூலியை எடுத்துவிட்டாள். அவன் மறுபடி சேர்த்தான். அவள் விளக்கை எடுத்தாள். இருட்டில் எப்படி நிறுப்பாய் என்று அவன் அதையும் சேர்த்தான். கடைசியில் வந்து நின்றது பழைய விலையைப் போல் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. அதற்குக் கீழே போனால் கடை நிற்காது. எத்தனை தடவை கூட்டினாலும் அதுதான் வந்தது. அடுக்கியிருந்த மூட்டைகளின் முன்னால் நின்று அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூட்டைகள் ஆட்சேபிக்கவில்லை. மகள்தான், யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள்.

திங்கள்கிழமை போர்டுக்காரர் வந்தார். மழையில் நனைந்திருந்தார். மாவைத் துடைத்தார். போர்டு முழுக்கக் கறுப்பாயிற்று. வழக்கம்போல அவள் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டப் போய், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, கொடுங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நின்றபடியே இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார்.

“அடுத்த வாரத்துலேருந்து உங்களுக்கு எங்க வேலை?”

“பிறப்பு இறப்பு பதியற ஆபீஸுக்கு மாத்திட்டாங்கம்மா. எழுதினா எழுதினதுதான். அங்க துடைக்கற வேலை கிடையாது.”

போர்டை என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பியதும் புருஷன் ஆணிகளைப் பிடுங்கிப் போர்டைக் கழற்றினான். மாவுத்தொட்டியின் மூடியை யுத்தக் குளிரில் அவள் அடுப்பில் வைத்து எரித்துவிட்டிருந்தாள், அன்றிலிருந்து எலித்தொல்லை. போர்டு தொட்டிக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. விலை என்ன ஆகிறது என்று கேட்க வந்தவர்கள்தான் பாதி. மண்டிக்காரரும் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். வரிசையில் முதல் ஆள் இஸ்திரிக்காரி. விடியும் முன்பே வந்து நின்றிருக்கிறாள். கரிப்பெட்டியை இன்னும் பற்றவைக்கவில்லை. கையில் துணிப்பை.

வந்தவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று போர்டம்மா தரையைப் பார்த்தாள். தரையில் அந்த நனைந்த செருப்பு தெரிந்தது. வார் அறுந்து, கிழிசல் துணியால் முடிச்சுப் போட்ட செருப்பு. அதற்கு முகத்தையே பார்த்திருக்கலாம்.

“மாவுதான்க்கா. எப்பவும் போல,” என்றாள் இஸ்திரிக்காரி. “எவ்வளவு ஆச்சு?”

இஸ்திரிக்காரிக்குக் குறைத்துச் சொல்லலாம். சொன்னால் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் அதுதான் விலை. சாயங்காலத்துக்குள் தொட்டி காலி. நாளைக்குச் சாவி ஆற்றோரம் போகும். கனலும் பெட்டியோடு வாசற்படியில் நின்றவள் அவள். அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாராவது முதலில் வந்திருக்கக் கூடாதா என்று போர்டம்மாவுக்கு அழுகை வந்தது.

நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, விலையைச் சொன்னாள்.

இஸ்திரிக்காரி பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தாள். வெளுத்த இடத்தைப் பார்த்தாள். நாலு ஆணி ஓட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“போர்டுல போடலியேக்கா.”

“போர்டு இல்ல.”

“மண்டியில சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப யாரு சொன்னது?”

“நான்தான். நான்தான் சொல்றேன்.”

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். இஸ்திரிக்காரியின் முகத்தில் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். உதடு மட்டும் ஏதோ கணக்குப் போட்டது. பாதி போதும் என்றாள். போர்டம்மா போர்டைத் தூக்கி வைத்துவிட்டு மாவை அள்ளினாள். அள்ளிப் போட்டதில் பாதிக்கு மேலேயே கொஞ்சம் தட்டில் விழுந்துவிட்டது. தராசு முள் சாய்ந்தது. இஸ்திரிக்காரியே விரலால் அதிகமானதை எடுத்துத் தொட்டியில் போட்டாள். முள் நேரானதும் பையை நீட்டினாள். காசை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு சொல்வது கஷ்டமாக இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதே விலையைச் சொன்னாள். சிலர் வாங்கினார்கள், சிலர் அடுத்த தெருவைப் பார்த்துவிட்டு வருவதாகப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். போர்டம்மாவும் கொள்ளையடிக்கக் கற்றுக்கொண்டாள் என்று ஒரு கிழவி காதுபடச் சொன்னாள். மண்டிக்காரர் வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு, தம்பியின் தோளைத் தட்டி, சாவியைப் பற்றி ஒன்றும் பேசாமல் குடையை விரித்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்ட மாதிரி அவளுக்குத் தோன்றவே இல்லை. இடுப்பு வலித்தது. மத்தியானம் புருஷன் ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தான். இரண்டாவது துண்டை எடுத்தபோது யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அது இறங்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டது. கடைக்குள் சோப்புப் பெட்டி கவிழ்த்தபடி கிடந்தது. இன்றைக்கு வர மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கும் வர மாட்டாள். அந்தப் பெட்டியை உள்ளே தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இஸ்திரிக்காரி வந்தாள். கையில் தேய்த்து மடித்த சட்டை ஒன்று, புருஷனுடையது. வாராவாரம் தேய்க்கக் கொடுப்பது. அதைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

“சட்டைக்கு இனிமே கூட ஆகும்க்கா,” என்றாள். எவ்வளவு என்றும் சொன்னாள். பழைய கூலியைப் போல் ஒன்றரைப் பங்கு. யுத்தத்துக்கு முன்னாலிருந்து மாறாமல் இருந்த கூலி அது. “மாமனாருக்கும் புள்ளைங்களுக்கும் பாதி மாவு பத்தாது. காலையில வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பார்த்தேன்.”

யார் சொன்னது என்று கேட்கப் போர்டம்மாவுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. கல்லாவைத் திறந்து, அவள் சொன்னதை அப்படியே எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். இஸ்திரிக்காரி அதை வாங்கி முடிந்துகொண்டாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு சோப்புப் பெட்டியைக் காலால் கிட்டே இழுத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“கால் வலிக்குதுக்கா,” என்றாள், விரல்களை ஊதிக்கொண்டு.

“எனக்கும்தான்,” என்றாள் போர்டம்மா. தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிப் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.